வெப் சர்வர் கோப்புகளுக்கு செலினக்ஸ், ஆப்ஆர்மர் பாலிசி: எந்த வழியில் அனுமதி கொடுப்பது?

பர்மிஷன் 755. உரிமையாளர் சரி, குழு சரி, சர்வர் கான்ஃபிகரேஷனிலும் பிழை இல்லை. ஆனாலும் பிரவுசரில் 403, அதாவது அனுமதி மறுப்பு. லினக்ஸில் வெப் சர்வர் நடத்தும் பலருக்கு செலினக்ஸ், அதாவது சாதாரண பர்மிஷனுக்கு மேல் இருக்கும் இன்னொரு கட்டுப்பாட்டு அடுக்கு, அறிமுகமாவது இப்படித்தான். யாரைக் கேட்டாலும் செலினக்ஸின் தடையை நிறுத்தும் ‘செட்என்ஃபோர்ஸ் 0’ கட்டளையை அடிக்கச் சொல்வார்கள். அடித்ததும் தளம் வந்துவிடும். வேலை முடிந்தது என்று அடுத்த வேலைக்குப் போய்விடுவோம்.

அதே 403ஐப் போக்க இன்னும் அரை டஜன் வழிகள் உண்டு. எந்த வழியில் போனாலும் பக்கம் திறந்துவிடும் என்பதால் அவற்றுக்குள் இருக்கும் வித்தியாசம் உடனே கண்ணில் படாது. நாளைக்கு உங்கள் பிஎச்பி நிரலில் ஓட்டை கண்டுபிடித்து ஒருவர் உள்ளே வந்துவிட்டால், அவர் எதையெல்லாம் படிக்கலாம், எங்கெல்லாம் எழுதலாம், எந்த போர்ட்டுக்கெல்லாம் போகலாம் என்பது நீங்கள் இன்று தேர்ந்தெடுக்கும் வழியைப் பொறுத்தது. அந்தக் கோணத்தில்தான் இந்த வழிகளை இங்கே ஒப்பிடுகிறேன்.

பேச வசதியாக ஒரு அமைப்பை வைத்துக்கொள்வோம். தளத்தின் கோப்புகள் ‘/எஸ்ஆர்வி/தளம்’ என்ற ஃபோல்டரில் இருக்கின்றன. அதற்குள் ‘பதிவேற்றம்’ என்று ஒரு ஃபோல்டர். பயனர்கள் ஏற்றும் படங்கள் அதில் விழும். முன்னால் என்ஜின்எக்ஸ் வெப் சர்வர், பின்னால் பிஎச்பி நிரலை இயக்கும் பிஎச்பி-எஃப்பிஎம், பக்கத்தில் வேறு ஒரு போர்ட்டில் ஓடும் சின்ன ஏபிஐ சேவை. பெரும்பாலான தளங்கள் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்.

செலினக்ஸா, ஆப்ஆர்மரா?

இரண்டும் ஒரே வேலைக்கான இரண்டு கருவிகள். எது என்ற கேள்விக்கு உங்கள் டிஸ்ட்ரோ (நீங்கள் நிறுவிய லினக்ஸ் வகை) ஏற்கனவே பதில் சொல்லிவிட்டது. செலினக்ஸை அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை 2000 டிசம்பரில் திறந்த மூலமாக வெளியிட்டது. 2003ல் அது 2.6 கர்னலுக்குள் வந்தது; 2005ல் வந்த ரெட் ஹேட் என்டர்பிரைஸ் லினக்ஸ் 4 முதல் அந்தக் குடும்பத்தில் நிறுவும்போதே இயங்குகிறது. ஆப்ஆர்மர் இம்யூனிக்ஸ் நிறுவனத்தில் பிறந்து, 2005ல் நாவெல் கைக்குப் போய், 2010ல் 2.6.36 கர்னலில் சேர்ந்தது. உபுண்டுவும், 2019ல் வந்த 10ஆம் பதிப்பிலிருந்து டெபியனும் ஆப்ஆர்மரோடு வருகின்றன. சூசே பக்கம் காற்று திரும்பியிருக்கிறது: நீண்டகாலம் ஆப்ஆர்மரின் வீடாக இருந்த அந்தக் குடும்பத்தில், ஓபன்சூசே டம்பிள்வீட் 2025 முதல் புதிய நிறுவல்களுக்கு செலினக்ஸைக் கொடுக்கிறது.

டிஸ்ட்ரோ கொடுத்ததை மாற்றிப் போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். டெபியனில் செலினக்ஸை நிறுவ முடியும்தான். ஆனால் பாலிசியை, அதாவது அனுமதி விதிகளின் தொகுப்பை, தினமும் சோதித்துத் திருத்தும் ஆட்கள் எங்கே இருக்கிறார்களோ அங்கேதான் அது ஒழுங்காக ஓடும். நீங்கள் தனியாளாக அந்தச் சுமையைத் தூக்க வேண்டியதில்லை.

ஒரு எச்சரிக்கை மட்டும். ஃபெடோரா, ரெட் ஹேட் குடும்பத்தில் அப்பாச்சி, என்ஜின்எக்ஸ், பிஎச்பி-எஃப்பிஎம் மூன்றும் நிறுவிய நொடியிலிருந்தே ‘எச்டிடிபிடி_டி’ என்ற டொமைனுக்குள் (ஓடும் நிரலுக்கு பாலிசி போடும் வேலி) அடைபட்டு ஓடுகின்றன. உபுண்டுவில் ஆப்ஆர்மர் இயங்குகிறது என்பதால் வெப் சர்வரும் அடைபட்டிருக்கிறது என்று பொருளில்லை. என்ஜின்எக்ஸுக்கு புரொஃபைல் (ஒரு நிரலுக்கான ஆப்ஆர்மர் விதிக் கோப்பு) தானாக வருவதில்லை. அப்பாச்சிக்கு ஒன்று உண்டு. அதற்குத் தனித் தொகுப்பு நிறுவ வேண்டும், நிறுவினாலும் முடக்கிய நிலையில்தான் இருக்கும். ‘ஏஏ-ஸ்டேட்டஸ்’ அடித்துப் பாருங்கள். பட்டியலில் உங்கள் வெப் சர்வர் இல்லையென்றால், இதுவரை 403 வராததற்குக் காரணம் அதுதான்.

கோப்பைச் சரியான இடத்தில் வைப்பது

செலினக்ஸ் பக்கம் முதலில் பார்க்க வேண்டிய வழி, பாலிசியைத் தொடாமலே தப்பிப்பது. ஒவ்வொரு கோப்பிலும் ஒரு லேபிள் ஒட்டியிருக்கிறது. ‘எச்டிடிபிடி_சிஸ்_கன்டென்ட்_டி’ என்ற லேபிள் இருந்தால் வெப் சர்வர் படிக்கலாம். ‘எச்டிடிபிடி_சிஸ்_ஆர்டபிள்யூ_கன்டென்ட்_டி’ இருந்தால் எழுதவும் செய்யலாம். இனி இவற்றைப் படிக்கும் லேபிள், எழுதும் லேபிள் என்றே சொல்கிறேன். எந்தப் பாதைக்கு எந்த லேபிள் என்ற பட்டியல் பாலிசியோடு வருகிறது; ‘/வார்/டபிள்யூடபிள்யூடபிள்யூ’வுக்குக் கீழே இருப்பவை படிக்கும் லேபிளைப் பெறும்.

பலருக்குத் தெரியாத ஒன்று, ‘எஸ்ஆர்வி’க்குள்ளும் ஒரு விதி ஏற்கனவே இருக்கிறது என்பது. ‘/எஸ்ஆர்வி/தளம்/டபிள்யூடபிள்யூடபிள்யூ’ என்று ஃபோல்டருக்குப் பெயர் வைத்தால், அதற்கும் படிக்கும் லேபிள்தான். பட்டியலில் உள்ளபடி லேபிளைப் போடும் ‘ரீஸ்டோர்கான்’ கட்டளையை ஒருமுறை ஓட்டினால் போதும், புதிய விதி எழுதவே தேவையில்லை. எந்தப் பாதைக்கு என்ன லேபிள் கிடைக்கும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள ‘மேட்ச்பாத்கான்’ கட்டளை உண்டு. புதிய சர்வர் அமைக்கும்போது ஃபோல்டர் பெயரை முடிவு செய்வதற்கு முன் அதை ஒருமுறை கேட்டுப் பார்த்தால் பாதித் தலைவலி மிச்சம்.

லேபிள் தவறாகப் போவதற்கு மிக வழக்கமான காரணம் ‘எம்வி’. ஹோம் ஃபோல்டரில் வைத்துத் தயார் செய்த கோப்பை நகர்த்தினால், அது பழைய லேபிளையும் கூடவே தூக்கிக்கொண்டு வரும். நகலெடுத்தால் புதிய கோப்பு சேரும் ஃபோல்டரின் லேபிளைப் பெறும். ‘எல்எஸ் -இசட்’ அடித்தால் ‘யூசர்_ஹோம்_டி’ என்று தெரியும். தற்காலிக ஃபோல்டரிலிருந்து வந்திருந்தால் ‘யூசர்_டிஎம்பி_டி’. ‘எம்வி -இசட்’ என்று சொன்னால் போய்ச் சேரும் இடத்துக்கு உரிய லேபிளைப் போட்டே நகர்த்தும். தற்காலிக ஃபோல்டரில் பில்ட் செய்து, முடிந்ததும் ‘எம்வி’ செய்யும் டிப்ளாய் ஸ்கிரிப்ட்கள் ஏராளம். அந்த ஒரு வரியைத் திருத்தினாலே போதும் என்கிற இடத்தில் செலினக்ஸையே அணைத்து வைத்திருப்பார்கள்.

சிஎச்கானா, செமேனேஜா?

பாதையை மாற்ற முடியாது, ‘/எஸ்ஆர்வி/தளம்’தான் வேண்டும் என்றால் லேபிளை நாமே போட வேண்டும். இதற்கு இரண்டு வழிகள், இரண்டுக்கும் ஆயுள் வேறு.

‘சிஎச்கான்’ கோப்பின் மேல் நேரடியாக லேபிளை மாற்றும். உடனே வேலை செய்யும். அந்த ஃபோல்டருக்குள் புதிதாக உருவாகும் கோப்புகளுக்கும் அதே லேபிள் வரும். ஆனால் பாலிசியின் பட்டியலுக்கு இது எதுவும் தெரியாது. யாராவது ரீஸ்டோர்கான் ஓட்டினால், அல்லது முழு வட்டுக்கும் மறு லேபிளிங் நடந்தால், உங்கள் மாற்றம் அழிந்துவிடும். பல மாதம் ஒழுங்காக ஓடிய தளம் ஒரு ரீபூட்டுக்குப் பிறகு 403 காட்டும். அன்று காலையில் யாரும் எதையும் மாற்றியிருக்க மாட்டார்கள். சோதித்துப் பார்க்க மட்டும் சிஎச்கான் நல்லது. ‘லேபிள்தான் பிரச்சினையா’ என்பதை ஒரு நிமிடத்தில் உறுதி செய்துகொள்ளலாம்.

நிரந்தரமான வழி ‘செமேனேஜ் எஃப்கான்டெக்ஸ்ட்’. பாதையையும் லேபிளையும் ஒரு விதியாகப் பட்டியலில் சேர்த்துவிட்டு, பிறகு ரீஸ்டோர்கான் ஓட்ட வேண்டும். இரண்டு படிகளும் வேண்டும்: செமேனேஜ் விதியை மட்டுமே எழுதும், கோப்பைத் தொடாது. விதியை எழுதிவிட்டு ‘மாறவே இல்லையே’ என்று உட்கார்ந்திருப்பவர்கள் இரண்டாவது படியை விட்டிருப்பார்கள். ரீஸ்டோர்கானுக்கு ‘-என்வி’ கொடுத்தால் எதை மாற்றப் போகிறது என்று காட்டும், மாற்றாது. பெரிய ஃபோல்டரில் கை வைப்பதற்கு முன் அதைப் பார்ப்பது நல்ல பழக்கம்.

இதிலேயே ‘-இ’ என்று ஒரு விருப்பம் உண்டு. ‘இந்த ஃபோல்டரை /வார்/டபிள்யூடபிள்யூடபிள்யூ மாதிரியே நடத்து’ என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். பழைய தளத்தை அப்படியே வேறு வட்டுக்கு மாற்றும்போது எனக்கு இதுதான் பிடித்த வழி. உள்ளே இருக்கும் சிஜிஐ, பதிவேற்றம் போன்ற உள் விதிகள் எல்லாம் சேர்ந்தே வந்துவிடும். புதிய தளத்துக்கு அவ்வளவு தேவையில்லை. படிக்கும் லேபிளுக்கு ஒரு விதி, எழுதும் லேபிளுக்கு ஒரு விதி, ஆக இரண்டு போதும்.

ஒவ்வொரு வெளியீட்டையும் தனி ஃபோல்டரில் வைத்து, ‘நடப்பு’ என்ற சிம்லிங்க்கை (வேறு பாதையைச் சுட்டும் இணைப்பை) மட்டும் திருப்பிவிடும் முறையில் டிப்ளாய் செய்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விதியில் சிம்லிங்க்கின் பாதையை எழுதிப் பயனில்லை. கோப்பு உண்மையில் இருக்கும் பாதையை எழுத வேண்டும். பதிவேற்ற ஃபோல்டரை வெளியீட்டு ஃபோல்டர்களுக்கு வெளியே ஒரு பொது இடத்தில் வைத்தால், எழுதும் லேபிள் ஒரே இடத்தோடு நிற்கும். நிரல் முழுக்கப் படிக்கும் லேபிளோடு இருக்கும்.

எதை எழுத விடுவது

இங்கேதான் உண்மையான முடிவு இருக்கிறது. ‘மொத்த ஃபோல்டருக்கும் எழுதும் லேபிள் போட்டுவிடலாமே’ என்ற ஆசை வரும், குறிப்பாக பிளகின்கள் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் அமைப்புகளில். அப்படிப் போட்டால், வெப் சர்வர் வழியாக உள்ளே வந்தவர் உங்கள் நிரலையே திருத்தலாம். செலினக்ஸ் குறுக்கே நிற்காது, ஏனென்றால் நீங்கள்தான் அனுமதி கொடுத்திருக்கிறீர்கள்.

டிஸ்ட்ரோவின் பாலிசியே சில இடங்களில் தாராளமாக இருக்கிறது. ஃபெடோரா வழிப் பாலிசியில் வேர்ட்பிரஸ்ஸின் ‘டபிள்யூபி-கன்டென்ட்’ ஃபோல்டர் முழுவதும் எழுதும் லேபிளுக்குள் வருகிறது. படங்கள் மட்டுமல்ல, பிளகின்களும் தீம்களும், அதாவது இயங்கும் நிரலும் அதற்குள்தான். நிர்வாகப் பக்கத்திலிருந்து ஒரே சொடுக்கில் பிளகின் புதுப்பிக்க வேண்டும் என்றால் இது தேவை. புதுப்பித்தலைக் கட்டளை வரியில் தனிப் பயனராகச் செய்ய முடியும் என்றால், பிளகின், தீம் ஃபோல்டர்களுக்குப் படிக்கும் லேபிள் போட்டு விதியைச் சுருக்கிவிடுங்கள். எனக்கு இரண்டாவதுதான் சரியாகப் படுகிறது, ஆனால் நிர்வாகிக்குத் தினசரி வசதி குறையும் என்பதையும் மறைக்கக் கூடாது. யார் புதுப்பிக்கிறார்கள் என்பதைப் பொறுத்து முடிவெடுங்கள். புதுப்பிக்கவே ஆளில்லாத தளத்தில் தானியங்கிப் புதுப்பித்தலை அடைப்பது இன்னும் மோசம்.

எழுதும் லேபிளைப் பதிவேற்ற ஃபோல்டரோடு நிறுத்தினாலும் ஒரு ஓட்டை மிச்சம் இருக்கிறது. பிஎச்பி கோப்பை இயக்குவது கர்னலின் கண்ணுக்கு வெறும் படித்தல்தான். இன்டர்ப்ரெட்டர் கோப்பைத் திறந்து படிக்கிறது, தானே இயக்குகிறது. ஆகவே படம் என்ற பெயரில் யாராவது பிஎச்பி கோப்பைப் பதிவேற்ற ஃபோல்டரில் போட்டால், எழுதும் லேபிள் இருப்பதால் அது ஏறும், படிக்க முடிவதால் ஓடும். செலினக்ஸில் இதை லேபிளால் மட்டும் தடுக்க முடியாது. அந்த ஃபோல்டரில் பிஎச்பியை இயக்காதே என்று என்ஜின்எக்ஸ் அல்லது அப்பாச்சி கான்ஃபிகரேஷனில்தான் சொல்ல வேண்டும். செலினக்ஸ் இயங்குகிறதே என்ற தைரியத்தில் இதை விட்டுவிடுகிறவர்கள் அதிகம். ஆப்ஆர்மரில் இது வேறு மாதிரி, கீழே வருகிறேன்.

பூலியன் சுவிட்ச்கள்

லேபிள் கோப்புகளுக்கு. நெட்வொர்க், ஹோம் ஃபோல்டர், மின்னஞ்சல் என்று மற்றதற்கெல்லாம் பாலிசியில் தயாராக ஆன்/ஆஃப் சுவிட்ச்கள் இருக்கின்றன. ‘செட்செபூல்’ கட்டளையால் ஆன் செய்யலாம். ‘-பி’ போடாவிட்டால் ரீபூட்டோடு போய்விடும்.

சுவிட்ச்களில் அகலமும் குறுகலும் கலந்தே கிடக்கின்றன. என்ஜின்எக்ஸ் பின்னால் இருக்கும் ஏபிஐக்குப் போக முடியாமல் 502 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். எல்லாரும் சொல்வது ‘எச்டிடிபிடி_கேன்_நெட்வொர்க்_கனெக்ட்’. அதை ஆன் செய்தால் வெப் சர்வர் எந்த டிசிபி போர்ட்டுக்கும், எந்த இயந்திரத்துக்கும் போகலாம். உள்ளே வந்தவருக்கு உங்கள் உள் நெட்வொர்க்கைத் துழாவ வழி கிடைத்துவிட்டது. டேட்டாபேஸ்தான் தேவை என்றால் பெயரில் ‘_டிபி’ சேர்ந்த சுவிட்ச் தனியாக இருக்கிறது. டேட்டாபேஸ் போர்ட்களுக்கு மட்டும் விடும். ரிவர்ஸ் பிராக்ஸிக்கு, அதாவது வந்த கோரிக்கையைப் பின்னால் உள்ள சேவைக்குக் கடத்த, ‘எச்டிடிபிடி_கேன்_நெட்வொர்க்_ரிலே’ இருக்கிறது. எச்டிடிபி, எச்டிடிபி கேஷ் போன்ற சில போர்ட் வகைகளோடு நின்றுவிடும். 8080 எச்டிடிபி கேஷ் போர்ட்டாகவே லேபிள் ஆகியிருக்கிறது. ஆக, ஏபிஐ சேவையை 8080ல் ஓட்டினால் குறுகிய சுவிட்ச் போதும். 3000ல் ஓட்டினால் போதாது, ஏனென்றால் அந்த எண் பாலிசியில் வேறொரு மென்பொருளுக்குக் கொடுத்தாயிற்று. (8000 ஒலி சர்வருக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. வெப் டெவலப்பர்களைக் கேட்டுக் கொடுத்திருக்க மாட்டார்கள்.) அகலமான சுவிட்சைப் போடுவதைவிட சேவையின் போர்ட் எண்ணை மாற்றுவது மலிவான தீர்வு.

‘எச்டிடிபிடி_யூனிஃபைட்’ என்ற சுவிட்சை மட்டும் தொடாதீர்கள். அதை ஆன் செய்தால் படிக்கும் லேபிள், எழுதும் லேபிள், இயக்கும் லேபிள் என்ற பிரிவே போய்விடும். இதுவரை எடுத்த முடிவுகளெல்லாம் வீண்.

நெட்வொர்க் டிரைவில் கோப்புகள் இருந்தால் இதே தேர்வு இன்னொரு வடிவில் வரும். என்எஃப்எஸ்ஸுக்கான சுவிட்ச், மவுன்ட் ஆகியிருக்கும் எல்லா என்எஃப்எஸ் டிரைவையும் வெப் சர்வருக்குத் திறந்துவிடும். அதற்குப் பதில் மவுன்ட் செய்யும்போதே ‘கான்டெக்ஸ்ட்’ விருப்பத்தில் படிக்கும் லேபிளைக் கொடுத்தால், அந்த ஒரு டிரைவ் மட்டும் திறக்கும். பக்கத்தில் மவுன்ட் ஆகியிருக்கும் பேக்கப் டிரைவ் மூடியே இருக்கும். ஒரே டிரைவ்தான் இருக்கிறது என்றால் சுவிட்ச் போட்டுவிட்டுப் போகலாம், தப்பில்லை.

சொந்த மாட்யூல், அல்லது ஆடிட்2அலோவின் ஆசை

மறுப்பு வந்ததும் லாகை ஆடிட்2அலோ என்ற கருவிக்குள் விட்டு, வரும் மாட்யூலை (கூடுதல் பாலிசித் துண்டை) நிறுவிவிடுவது பரவலான பழக்கம். கருவி நல்லதுதான், ஆனால் அது கேள்வி கேட்காது. எது மறுக்கப்பட்டதோ அதை அனுமதிக்கும் விதியை எழுதிக் கொடுக்கும், அவ்வளவுதான்.

மேலே சொன்ன ‘எம்வி’ பிரச்சினையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு எச்டிஎம்எல் கோப்பு ஹோம் ஃபோல்டரிலிருந்து நகர்ந்து வந்திருக்கிறது. லாகில் ஏவிசி வரி, அதாவது செலினக்ஸ் மறுப்பைப் பதியும் வரி, இப்படி இருக்கும்: படிக்க மறுப்பு, கேட்டவர் எச்டிடிபிடி_டி, கேட்கப்பட்டது யூசர்_ஹோம்_டி, வகை கோப்பு. ஆடிட்2அலோ இதைப் பார்த்து ‘எச்டிடிபிடி_டி, யூசர்_ஹோம்_டி கோப்புகளைப் படிக்கலாம்’ என்று விதி எழுதும். அந்த ஒரு கோப்புக்கு மட்டுமல்ல. இயந்திரத்தில் இருக்கும் எல்லாப் பயனர்களின் ஹோம் ஃபோல்டரிலும் அந்த லேபிள் உள்ள ஒவ்வொரு கோப்புக்கும். ஒரு ரீஸ்டோர்கான் போதுமாயிருந்த இடத்தில், ஊர் முழுக்கத் திறக்கும் சாவி செய்து கொடுத்தாயிற்று. பக்கம் திறந்துவிட்டது என்பதால் யாரும் திரும்பிப் பார்க்கவும் மாட்டார்கள்.

ஆகவே ஆடிட்2அலோ எழுதியதை நிறுவுவதற்கு முன் படியுங்கள். பூலியன் சுவிட்ச் ஒன்று இதைத் தீர்க்கும் என்றால் அதையே ஒரு குறிப்பாகச் சொல்லும்; அதையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்க வேண்டாம், பெரும்பாலும் அகலமான சுவிட்சின் பெயர்தான் அதில் இருக்கும். விதியில் யூசர்_ஹோம்_டி, யூசர்_டிஎம்பி_டி, டிஃபால்ட்_டி என்று ஏதாவது வந்தால் கிட்டத்தட்ட எப்போதும் அது லேபிள் பிரச்சினை. மாட்யூல் உண்மையில் தேவைப்படுவது, பாலிசிக்கே தெரியாத ஒரு சேவையோடு வெப் சர்வர் பேச வேண்டியிருக்கும்போது. உதாரணமாக, நீங்களே எழுதிய சேவையின் யூனிக்ஸ் சாக்கெட்டுக்குப் போவது. அப்போதும் அந்தச் சேவைக்குத் தனி லேபிள் கொடுத்து, அதற்கு மட்டும் அனுமதிப்பது நல்லது.

விதிகளைத் திரட்ட முழு செலினக்ஸையும் தளர்த்த வேண்டியதில்லை. ‘செமேனேஜ் பெர்மிசிவ்’ கட்டளையால் எச்டிடிபிடி_டி டொமைனை மட்டும் தளர்த்தலாம். மறுப்புகள் லாகில் விழும், தடை மட்டும் இருக்காது, இயந்திரத்தின் மற்ற சேவைகள் கட்டுப்பாட்டிலேயே இருக்கும். தடை அமலில் இருக்கும்போது முதல் மறுப்பிலேயே நிரல் நின்றுவிடும். ஒன்றைச் சரிசெய்தால் அடுத்தது, அதைச் சரிசெய்தால் அடுத்தது என்று இழுக்கும். தளர்த்திய டொமைனில் எல்லாம் ஒரே ஓட்டத்தில் தெரிந்துவிடும். வேலை முடிந்ததும் திரும்ப இறுக்க மறக்காதீர்கள். ‘செட்என்ஃபோர்ஸ் 0’ அடித்தே தீர வேண்டும் என்று நினைக்கும் ஒவ்வொரு சந்தர்ப்பத்துக்கும் இது மேலான மாற்று.

லாகில் எதுவுமே இல்லையா? இரண்டு காரணங்கள். முதலாவது, சாதாரண பர்மிஷனே தடுத்திருக்கலாம். கர்னல் அதைத்தான் முதலில் பார்க்கும். அங்கேயே மறுத்துவிட்டால் செலினக்ஸிடம் கேள்வி போகாது. மேல் ஃபோல்டர் ஒன்றில் ‘எக்ஸ்’ பர்மிஷன் இல்லாமல் போவது வழக்கமான குற்றவாளி. இரண்டாவது, சில மறுப்புகளை லாகில் எழுத வேண்டாம் என்று பாலிசியே சொல்லியிருக்கும். ‘செமாட்யூல் -டிபி’ அடித்தால் அந்த மௌனம் கலையும். பார்த்து முடித்ததும் ‘செமாட்யூல் -பி’.

ஆப்ஆர்மரில் இதே தளம்

ஆப்ஆர்மரில் லேபிள் கிடையாது, பாதைதான் எல்லாம். புரொஃபைல் கோப்பில் ‘/எஸ்ஆர்வி/தளம்’ கீழே படிக்கலாம், ‘பதிவேற்றம்’ கீழே எழுதலாம் என்று இரண்டு வரி எழுதினால், கோப்பு எங்கிருந்து வந்தது என்ற கேள்வியே எழாது. ‘எம்வி’ பிரச்சினை அடியோடு இல்லை. லாகும் நேரடியாகப் பேசும்: எந்த புரொஃபைல், எந்தப் பாதை, என்ன கேட்டது, எது மறுக்கப்பட்டது என்று ஒரே வரியில் இருக்கும். டிப்ளாய் செய்கிறவரும் சர்வர் நிர்வாகியும் வேறு வேறு ஆட்களாக இருக்கும் இடத்தில் இது பெரிய நிம்மதி.

மேலே விட்டுவைத்த விஷயத்துக்கு வருகிறேன். பாதையால் பேசுவதால், ஆப்ஆர்மரால் கோப்புப் பெயரின் வாலைப் பார்க்க முடியும். பிஎச்பி-எஃப்பிஎம்முக்கு புரொஃபைல் எழுதும்போது, பதிவேற்ற ஃபோல்டருக்குள் பிஎச்பி, பிஎச்டிஎம்எல், பிஎச்ஏஆர் என்று முடியும் எந்தக் கோப்பையும் படிக்கவும் எழுதவும் தடை என்று ‘டினை’ விதி ஒன்று போடலாம். டினை விதி, அனுமதிக்கும் விதியை எப்போதும் வெல்லும். வேறு பெயரில் ஏற்றிவிட்டுப் பெயர் மாற்றப் பார்த்தாலும் புதிய பெயரிடம் மாட்டிக்கொள்ளும். செலினக்ஸில் இவ்வளவு நேராகச் செய்ய வழியில்லை. புதிய கோப்புக்கு லேபிள் ஃபோல்டரிலிருந்துதான் வருகிறது, கோப்புப் பெயரின் வாலிலிருந்து வருவதில்லை. பயனர் பதிவேற்றம் அதிகமுள்ள தளத்துக்கு இந்த ஒரு விதிக்காகவே புரொஃபைல் எழுதும் உழைப்பு தகும் என்பேன். என்ஜின்எக்ஸ் கான்ஃபிகரேஷனிலும் தடையைப் போட்டு வையுங்கள், இரண்டும் இருக்கட்டும்.

சிக்கல் என்னவென்றால், மற்ற எல்லாவற்றையும் நீங்கள்தான் எழுத வேண்டும். செலினக்ஸில் இருப்பதுபோல் முழுத் தயார் பாலிசி இல்லை. லைப்ரரிகள், டிஎன்எஸ், எஸ்எஸ்எல் சான்றிதழ் போன்றவற்றுக்கு ‘அப்ஸ்ட்ராக்‌ஷன்’ என்ற தயார் துண்டுகள் கிடைக்கும், மிச்சத்துக்கு ‘ஏஏ-லாக்பிராஃப்’ லாகைப் படித்து ஒவ்வொன்றாகக் கேட்கும். கேட்டதற்கெல்லாம் ஆமாம் என்று அழுத்திக்கொண்டே போனால், அது ஆடிட்2அலோவின் அதே வலைதான், வேறு உருவில். சிம்லிங்க்கிலும் கவனம் தேவை: லெட்ஸ் என்க்ரிப்ட் சான்றிதழ்களின் ‘லைவ்’ ஃபோல்டரில் இருப்பவை வெறும் சிம்லிங்க்கள், உண்மைக் கோப்புகள் ‘ஆர்க்கைவ்’ ஃபோல்டரில். விதி ஆர்க்கைவுக்கு வேண்டும். இன்னொன்று, புரொஃபைலை ஏற்றுவதற்கு முன்பே ஓடிக்கொண்டிருந்த சர்வர் அதற்குள் அடங்காது. ஒருமுறை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும்.

ஒரே இயந்திரத்தில் பல தளங்கள்

இதில் செலினக்ஸின் இயல்பான அமைப்பு ஏமாற்றம் தரும். எல்லாத் தளமும் ஒரே எச்டிடிபிடி_டி டொமைனில், ஒரே லேபிளில் இருப்பதால், ஒரு தளத்தின் வழியாக உள்ளே வந்தவரை இன்னொரு தளத்தின் கோப்புகளிலிருந்து செலினக்ஸ் தடுக்காது. தடுப்பது பழைய பர்மிஷன்தான்: தளத்துக்கு ஒரு பயனர், பயனருக்கு ஒரு பிஎச்பி-எஃப்பிஎம் பூல் (தனியாக ஓடும் பிராசஸ் குழு). ஆப்ஆர்மரில் ‘ஹேட்’ என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது, புரொஃபைலுக்குள் துணை புரொஃபைல். அப்பாச்சிக்கு அதற்கான மாட்யூல் உண்டு. பிஎச்பி-எஃப்பிஎம்மில் பூலுக்கு ஒரு ஹேட் என்று கான்ஃபிகரேஷனிலேயே சொல்லலாம். தளங்கள் ஒன்றையொன்று நம்ப முடியாத ஹோஸ்டிங்கில் இது நல்ல கூடுதல் சுவர். செலினக்ஸ் பக்கம் அதற்கு நிகரானது வேண்டும் என்றால் கன்டெய்னருக்குப் போவதுதான் நடைமுறையில் எளிது. அங்கே ஒவ்வொரு கன்டெய்னருக்கும் தனி வகைப்பிரிவு எண்கள் தானாகவே கிடைக்கும். ஒன்றின் கோப்பை மற்றது தொட முடியாது.

கன்டெய்னருக்குப் போனால் லேபிள் வேலை மவுன்ட் விருப்பத்துக்கு மாறிவிடும். வால்யூம் கொடுக்கும்போது கடைசியில் சின்ன ‘இசட்’ போட்டால் பல கன்டெய்னர்கள் அந்த ஃபோல்டரைப் பகிரலாம். பெரிய ‘இசட்’ போட்டால் அது ஒரு கன்டெய்னருக்கு மட்டும். பதிவேற்ற ஃபோல்டருக்குப் பெரியது, இரண்டு கன்டெய்னர்கள் சேர்ந்து படிக்கும் நிலையான கோப்புகளுக்குச் சின்னது என்று பிரித்துக்கொள்ளலாம். இரண்டுமே ஹோஸ்ட்டில் இருக்கும் கோப்புகளின் லேபிளை நிஜமாகவே மாற்றி எழுதுகின்றன என்பதை மறக்கக் கூடாது. ‘/ஹோம்’ முழுவதையும் பெரிய ‘இசட்’டோடு மவுன்ட் செய்தால் ஹோஸ்ட்டில் உள்ள மற்ற சேவைகளுக்கு அந்த ஃபோல்டர் மூடிவிடும். பிறகு மனம் மாறி, அந்தத் தளத்தை மறுபடி ஹோஸ்ட்டின் என்ஜின்எக்ஸுக்கே கொடுக்க நினைத்தால் வெறும் ரீஸ்டோர்கான் போதாது. கன்டெய்னர் லேபிளை அது வேண்டுமென்றே தொடாமல் விட்டுவிடும். ‘-எஃப்’ சேர்த்து ஓட்டுங்கள்.